சாம்பல் நிறப் பொட்டு

கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடவில்லை.

வளைவில் வண்டி சாய்ந்தபோது ஆடவில்லை. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தடதடத்தபோதும் ஆடவில்லை. சந்தேகம் தட்டி, அவள் பிரேக்கை ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தாள். அப்போதும் அது, சுவரில் மாட்டின படத்துக்குள் இருக்கும் குளத்தைப் போல, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயில் பாதியில் அசையாமல் நின்றது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னும் வேகமா அக்கா! இன்னும் வேகமா!" அந்தக் கூச்சலில் அவள் தம்பியின் குரல்தான் பெரிது. அவளுக்கு நேர் பின்னால், அவள் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குப் பதினாறு வயது. பூங்காவில் குட்டி நீராவி ரயில் ஓட்டும் கிளப்பில் எல்லோருக்கும் அவள் "விசில்". ஆளில்லாத இடத்திலும் ஊதிக்கொண்டே போகிறவள் என்று வைத்த பெயர். இப்போது ஊத வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி சின்னதுதான். புகைபோக்கியின் உச்சி அவள் இடுப்புக்கு வரும். இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கரித்தொட்டியின் மேல் உட்கார்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். பயணிகள் அதற்கும் பின்னால், பலகைப் பெட்டிகளில் குதிரை ஏறுவது போலக் காலைப் போட்டு உட்காருவார்கள். பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிற பாதை. "குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறாங்க அப்பனும் மகளும்" என்பாள் அம்மா. ஆனால் வண்டி சின்னது என்பதற்காக நீராவி தயவு காட்டாது. எரிவது நிஜக் கரி. அந்த அடுப்பின் செப்புக் கூரை எப்போதும் தண்ணீருக்குள் முங்கியே இருக்க வேண்டும். முங்காமல் போனால் செம்பு பழுக்கும், இளகும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

கண்ணாடிக்கு அடியில் இருந்த சிறு குழாயைத் திறந்தாள். நின்றிருந்த தண்ணீர் சீறி வெளியேறியது. மூடினாள். பாய்லரிலிருந்து கீழ்வழியாக மறுபடி தண்ணீர் ஏறி வர வேண்டும். வரவில்லை. மேலிருந்து வெறும் ஆவிதான் வந்தது. கீழ்வழி அடைத்துக் கிடக்கிறது. இவ்வளவு நேரம் பாதி, பாதி என்று அது காட்டியதெல்லாம் பச்சைப் பொய்.

கை தானாக, பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் பம்பின் பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பியது. காய்ந்து பழுத்த சட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சட்டி சும்மா இருக்காது. அவள் ஆவியை அடைத்து, பிரேக்கை முழுக்கப் பிடித்தாள்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்கி மரத்துப் பக்கம் ஓடுங்க!"

"ஸ்டேஷன் இன்னும் வரலையே?" என்றான் தம்பி.

"ஓடுடா எருமை!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்து மற்றதுகளும் ஓடின. அவள் குனிந்து, அடுப்புக்கு அடியில் இருந்த ஆணியை உருவினாள். சல்லடை விழுந்தது. கொழுந்துவிட்ட கரி மொத்தமும் தண்டவாளத்தின் நடுவில் கொட்டியது. மரக்கட்டைகள் புகைய ஆரம்பித்தன. ஓடுகிற அவசரத்தில் யாரோ ஒரு பிள்ளை கழற்றிவிட்ட ரப்பர் செருப்பு ஒன்று அந்தத் தணலில் சுருண்டு நாறியது.

முதலில் வந்து சேர்ந்தவர், கிளப்பில் சிக்னல் போடும் தையல்காரர். கையில் மணல் வாளி, வாயில் வசவு.

"என்னம்மா கூத்து இது? தண்டவாளத்துல அடுப்பு பத்த வச்சிருக்க?"

"தண்ணி இல்லண்ணே. கண்ணாடி பொய் சொல்லுது."

"கண்ணாடி எங்கயாவது பொய் சொல்லுமா? உன் மூஞ்சி எப்படி இருக்கோ அப்படித்தான் காட்டும்."

அவருக்குப் பின்னால் அப்பாவும் மாமாவும் ஓடி வந்தார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் கயிறு அறுந்து யாரும் கீழே விழாமல் இருப்பது தன்னால்தான் என்று சொல்லிக்கொள்கிறவர். மாமா, அம்மாவின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இந்த இஞ்சினை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டே. கிளப்பில் பாய்லர்களைச் சோதித்து, ஓட்டலாம் என்று முத்திரை குத்துவதும் மாமாதான்.

அப்பா அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தலை, கை, முழங்கால். "சுட்டுடுச்சா பாப்பா? எங்கயாவது சுட்டுடுச்சா?" மாமா அவளைப் பார்க்கவில்லை. நேராக இஞ்சினிடம் போய், அடியில் இருந்த வால்வைத் திறந்துவிட்டார். மிச்சத் தண்ணீர் ஆவியும் இரைச்சலுமாகப் புல்லில் வடிந்தது.

"எதுக்கு மாமா திறக்கிறீங்க? எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"சீக்கிரம் ஆறட்டும் மருமகளே. நீ நகரு."

எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அந்தத் தண்ணீர்தான். அது புல்லுக்குள் போய்விட்டது. முதல் முள் அவளுக்கு அப்போதுதான் குத்தியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில், இடுப்பு உயர இரும்பு மேடையில் ஏற்றினார்கள். அப்பா கண்ணாடிக் குழாயைக் கழற்றி, கீழ்வழிக்குள் கம்பியை விட்டார். சுருண்ட வெள்ளை டேப் துணுக்கு ஒன்று வந்தது. மரையில் கசியாமல் இருக்கச் சுற்றுகிற டேப்.

"என் தப்புதான்," என்றார் அப்பா உடனே. "சோதனை முடிஞ்சு திருப்பி மாட்டினப்போ அதிகமா சுத்திட்டேன்."

"ஊருக்கே கண்ணாடி போடுற மச்சான் பக்கத்துல இருந்தும் இந்தக் கண்ணாடியைப் பாக்கலியா?" என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பா ஒரு தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை. உப்பு கூடிப்போனால் கூட உப்பு டப்பாவின் மேல் பழி போடுகிற மனிதர்.

"கண்ணாடி அடைச்சது சரி," தையல்காரர் விடுவதாக இல்லை. "ஆனா ப்ளக் உருகலையேம்மா. ப்ளக் உருகலைன்னா தண்ணி இருந்திருக்கு. நீதான் பயந்து தீயைக் கொட்டிட்ட. அந்தப் பிள்ளையோட அம்மா செருப்பைத் தூக்கிக்கிட்டு நியாயம் கேக்குது."

அந்த ப்ளக்தான் கடைசிக் காவல். அடுப்பின் செப்புக் கூரையில் முறுக்கியிருக்கும் பித்தளைத் திருகு. அதன் நடுவில் துளை, துளைக்குள் ஈயம். கூரை காய்ந்தால் முதலில் ஈயம் உருகும். ஆவி அந்தத் துளை வழியாகத் தீயின் மேல் கொட்டி, தீயை அடக்கி, ஓட்டுபவரையும் எச்சரிக்கும். அது உருகவில்லை. ஆகவே விசில் பயந்தாங்கொள்ளி. கணக்கு நேராகத்தான் இருந்தது. சாயங்காலம் உறுப்பினர் கூட்டத்தில், ஓட்டுவதற்கு அவள் கட்டும் கைப்பட்டையை வாங்கிவிடுவதா வேண்டாமா என்று பேசப்போகிறார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவளுக்குச் சோறு இறங்காது. மாமாவின் கருவிப் பெட்டியில் இருந்த, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். அவள் சல்லடையைத் தள்ளிவிட்டதால் அடுப்பு கீழே திறந்து கிடந்தது. இன்னும் சூடு அடித்தது. டார்ச்சைக் காட்டி, கண்ணாடியைச் சாய்த்து, கூரையைத் தேடினாள். ப்ளக் தெரிந்தது. புகைக்கறையைக் குச்சியால் சுரண்டினாள். நடுவில், நெற்றிப் பொட்டு அளவுக்குச் சாம்பல் நிற ஈயம் இருக்க வேண்டும்.

மஞ்சள். ஓரம் மஞ்சள், நடு மஞ்சள். முழுக்கப் பித்தளை. துளையே கிடையாது.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பாய்லரைச் சோதிக்கும்போது குளிர்ந்த தண்ணீரை முட்ட நிரப்பி, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் ஈயம் பிதுங்கிவிடும் என்று, அசல் ப்ளக்கைக் கழற்றிவிட்டு டம்மி ஒன்றைப் போடுவார்கள். சோதனை முடிந்ததும் டம்மியை எடுத்துவிட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்பதற்காக, டம்மி உள்ளே இருக்கும் வரை ஆவிக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவைப்பது இந்த கிளப்பின் வழக்கம். டம்மியை எடுக்கிற கைதான் ரிப்பனையும் அவிழ்க்க வேண்டும். ரிப்பன் இருந்தால் யாரும் தீ மூட்டக் கூடாது.

இன்று காலையில் தீ மூட்டியது அவள். ரிப்பன் இல்லை. அதில் சந்தேகமே கிடையாது.

அப்படியே படுத்திருந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. சோதனைக்கு முன்னால் அசல் ப்ளக் கசிந்துகொண்டிருந்தது. தீ மேல் சொட்டுச் சொட்டாக விழும். "இது ப்ளக்கா, ஒழுகுற மூக்கா?" என்று அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். ஓரிருவர் அப்படிக் கசிகிற ப்ளக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு டம்மியோடேயே ஓட்டுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இன்று காலையில் ஒரு சொட்டுக் கூட விழவில்லை என்று சந்தோஷப்பட்டதும் அவள்தான். கண்ணாடி அடைத்தது கை தவறு. ப்ளக்கும் அதே நேரத்தில் டம்மியா? இரண்டு தவறு கைகோத்துக்கொண்டு வருமா?

அப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய், உதடு அசையாமல் சொன்னாள்.

"அப்பா, ப்ளக் மஞ்சளா இருக்கு."

அவர் கை சோப்போடு நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நிஜமாவா என்று கேட்கவில்லை. யாரிடம் சொன்னாய் என்பதுதான் முதல் கேள்வி.

"இல்ல."

"சொல்லாத. நான் பாத்துக்கிறேன்."

பிறகு அப்பாவும் மாமாவும் கொட்டகைக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. அவள் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒரு திருகு முதல் கரிமூட்டை வரைக்கும் எலியும் பூனையுமாக நிற்கிறவர்கள், இதற்குச் சண்டை போடாமல் எதற்குப் போடுவார்கள்? சத்தமே இல்லை. ஏதோ இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. கதவு திறந்தபோது இருவரும் ஒரே சோடா பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வந்தார்கள். மாமா அப்பாவின் தோளில் கை போட்டிருந்தார். அவர்கள் கட்டிப்புரண்டிருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

கிளப்பின் செயலாளர் மருந்துக்கடை அம்மா. அதிகம் பேசாதவர். மாத்திரை எண்ணுகிற மாதிரி சொற்களை எண்ணிப் போடுவார். கொட்டகைக்கு வந்து, "ப்ளக்கை நானும் பாத்துடறேன்" என்றார். மாமா தாராளமாக டார்ச்சை அடித்துக் காட்டினார். அந்த அம்மா குனிந்து பார்த்தார். தையல்காரர் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

நடுவில் சாம்பல் நிறத்தில், வட்டமாக, அழகாக ஒரு பொட்டு.

"சரியாத்தான் இருக்கு," என்றார் தையல்காரர். "பாவம், பிள்ளை பயந்துடுச்சு. சின்ன வயசுதானே."

தான் பார்த்தது கனவோ என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் விரல் நகத்துக்குள் இன்னும் அந்தப் புகைக்கறை இருந்தது. இந்தப் புதுப் பொட்டைச் சுற்றிக் கறையே இல்லை. காலையெல்லாம் தீயில் கிடந்த பொருள் இவ்வளவு சுத்தமாக இருக்குமா? அதை வேறு யாரும் கேட்கவில்லை.

கூட்டத்துக்குச் சற்று முன்னால் மாமா அவளைக் கரிக்கிடங்குக்குப் பின்னால் வரச் சொன்னார். அப்பா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"மருமகளே, உக்காரு. பயப்படாத. உன்னை யாரும் எதுவும் சொல்லப்போறதில்ல."

"என்னை எதுக்கு மாமா சொல்லணும்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்தார். சிவப்பு ரிப்பன்.

"இது உன் பாலிஷ் டப்பாக்குள்ள இருந்துச்சு பாப்பா."

சனிக்கிழமைதோறும் இஞ்சினின் பித்தளையைத் தேய்ப்பது அவள் வேலை. பழைய துணிகள், பாலிஷ், பல் விளக்குகிற பிரஷ் எல்லாம் அந்தத் தகர டப்பாவில் இருக்கும்.

"நீ கைப்பிடியைத் தேய்க்கிறதுக்காக அவிழ்த்திருப்ப," என்றார் மாமா.

"திருப்பிக் கட்ட மறந்திருப்ப," என்றார் அப்பா.

"ரிப்பன் இல்லாததைப் பாத்து, உங்கப்பா டம்மியை எடுத்துட்டார்னு நான் நினைச்சேன்..."

"மச்சான் எடுத்துட்டார்னு நான் நினைச்சேன்."

ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். ஓட்டையில் சாவி பொருந்துவது போலக் கதை பொருந்தியது. அவ்வளவு நன்றாகப் பொருந்தியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நான் அவிழ்க்கலப்பா."

"வேணும்னு செஞ்சேன்னு யாரு சொன்னா? கை பாட்டுக்குச் செய்யும். எனக்கும் நடந்திருக்கு."

"அந்த ப்ளக் ஒழுகுதுன்னு நீங்கதானே திட்டிக்கிட்டே இருந்தீங்க?"

அப்பாவின் முகம் மாறியது. கோபமா, வலியா என்று பிடிபடவில்லை. "என் பிள்ளைங்க ரெண்டும் உக்கார்ற வண்டியில நான் வேணும்னே டம்மியை வுடுவேனா? அப்படித்தான் நினைக்கிறியா?"

மாமா நடுவில் புகுந்தார். "இந்தா பாரு. டம்மி விஷயம் வெளிய வந்தா என் முத்திரை போகும், உங்கப்பா வண்டி போகும். அதைவிடு. தம்பியையே கொல்லப் பாத்தாளேன்னு நாளைக்கு நாலு பேர் உன்னைச் சொல்லுவாங்க. எதுக்கு? நீ பயந்துட்டேன்னு சொல்லு. ஒரு மாசம் பட்டையைக் கட்டாத. அப்புறம் நானே கட்டிவிடுறேன்."

அவள் ரிப்பனை வாங்கிப் பார்த்தாள். அந்த டப்பாக்குள் போன எதுவும் கறுக்காமல் திரும்பியதில்லை. இது கிட்டத்தட்ட புதிது போல இருந்தது. ஒரு முனையில் மட்டும் ஒரு கட்டைவிரல் அடையாளம். கரி பிடித்த கட்டைவிரல் அங்கே நின்ற மூன்று பேருக்கும் இருந்தது.

கூட்டம் கொட்டகைக்குள்ளேயே நடந்தது. மடக்கு நாற்காலிகள், தகரக் கூரையின் வெக்கை. தம்பி வாசல்படியில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். தையல்காரர் எழுந்து, நல்ல மனிதராகப் பேசினார். விசில் கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் பதற்றம் ஆகாது, தண்ணீர் இருக்கிறபோது தீயைக் கொட்டினால் நாளைக்கு ஒரு பிள்ளையின் கால் வெந்துவிடும், கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் மருந்துக்கடை அம்மா.

அவள் எழுந்தாள். பயந்துவிட்டேன் என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையில் யார் யாரோ பெற்ற பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். அடுத்த தடவை ப்ளக் ஒழுகும்போது உள்ளே எது இருக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் பயந்தேன்," என்றாள். "ஆனா தண்ணி இல்லாததாலதான் பயந்தேன். சாப்பாட்டு நேரத்துல நான் அடியில படுத்துப் பாத்தேன். ப்ளக் மஞ்சளா இருந்துச்சு. டம்மி. இப்ப இருக்கிறது அதுக்கப்புறம் மாத்தினது. சுத்திக் கறை கூட இல்ல, பாருங்க."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. "என்னம்மா உளர்ற?" என்றார் யாரோ. "அப்பனையே காட்டிக்குடுக்குதுய்யா இது!" என்றார் இன்னொருவர். மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் அசையவில்லை.

மருந்துக்கடை அம்மா கையைத் தூக்கினார். அடங்கினார்கள். அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு போய் மறுபடி குனிந்து, வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் படிந்த கரியைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"பிள்ளை சொல்றது சரி. இது புதுசு," என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த அம்மா உட்காரவில்லை.

"அப்போ காலையில டம்மியோடதான் தீ மூட்டியிருக்கு. டம்மி உள்ள இருந்தா ரிப்பன் கைப்பிடியில இருந்திருக்கணும். இருந்துச்சா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். இல்ல."

"சோதனை முடிஞ்சு ரெண்டு வாரம் மழை. யாரும் ஓட்டல. கொட்டகைச் சாவி உங்க மூணு பேருகிட்டதான் இருந்துச்சு." அவர் மாமாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். அந்தக் கண்ணில் இருந்தது, சொல்லாதே என்ற கெஞ்சலா, உன்னைக் காப்பாற்றத்தானே பார்த்தேன் என்ற வருத்தமா? அவள் அந்த இரண்டு சனிக்கிழமைகளையும் நினைவில் பிசைந்து பார்த்தாள். பாலிஷ் வாசனை வந்தது. தகரக் கூரையில் மழை பெய்தது. கைப்பிடி விரல்களுக்கு நடுவில் வழுக்கியது. அதில் சிவப்பாக ஏதோ இருந்தது போலவும் இருந்தது, எதுவுமே இல்லாதது போலவும் இருந்தது. விரல்கள் எதையோ அவிழ்த்தன. அது நடந்ததா, கரிக்கிடங்குக்குப் பின்னால் அவர்கள் சொன்னதால் இப்போது நடக்கிறதா?

"சொல்லும்மா," என்றார் மருந்துக்கடை அம்மா. "அந்த முடிச்சை அவிழ்த்தது யாரு?"